பழைய ஜாஸ் இசைத்தாள்களைச் சேர்ப்பதும் பகிர்வதும்

வானொலி வீடுகளுக்குள் நுழைவதற்கு முன், அமெரிக்காவில் ஒரு புதிய பாட்டு ஊர் ஊராகப் பரவியது பெரும்பாலும் அச்சிட்ட தாளின் வழியாகத்தான். நியூயார்க்கின் 28ஆம் தெருவில், ‘டின் பேன் ஆலி’ என்று பெயர் பெற்ற பகுதியில் நெருங்கியிருந்த பதிப்பகங்கள் இந்தத் தாள்களை அச்சிட்டுக் குவித்தன. வீட்டில் பியானோ வைத்திருந்தவர்கள் அவற்றை வாங்கிவந்து தாங்களே வாசித்துப் பாடினார்கள். இசைக்கலைஞர்கள் ‘ஷீட் மியூசிக்’ என்று சொல்லும் இந்த இசைத்தாள்களைச் சேர்க்கத் தொடங்குபவர், பெயர் பெற்ற பாட்டின் தாள் அரிதாக இருக்கும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். இலட்சக்கணக்கில் விற்ற பாட்டின் தாள் இன்றும் சில டாலருக்குக் கிடைக்கிறது. சிற்றூர்ப் பதிப்பாளர் வெளியிட்டதும், இசையமைப்பாளரே தம் செலவில் அச்சிட்டதும், மேடைப் பாடகர்களுக்கு இலவசமாகக் கொடுக்க மெல்லிய தாளில் வண்ண அட்டையின்றி அடித்த ‘புரொஃபெஷனல் காப்பி’யும்தான் கிடைப்பதற்கு அரியவை.

பழைய வீட்டுப் பொருள் விற்பனைகள், பழைய புத்தகக் கடைகள், இணைய ஏலங்கள் ஆகியவற்றில் இவை தனித்தனியாகவும் கட்டுக்கட்டாகவும் வருகின்றன. பழைய பியானோ இருக்கைகளின் மூடியைத் திறந்தால் உள்ளே தாள் வைக்கும் அறை இருக்கும். ஒரு குடும்பம் பல ஆண்டுகளாக வாசித்தவை அங்கே அப்படியே கிடப்பதுண்டு. எங்கே வாங்கினாலும் விலை பேசுவதற்கு முன் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான இசைத்தாள்கள், நடுவில் மடித்த ஒரு பெரிய தாளும் அதனுள் செருகிய ஒற்றைத் தாளும் சேர்ந்து ஆறு பக்கங்களாக அமைந்தவை. அந்த நடுத்தாள் தைக்கப்படாமல் சும்மா செருகப்பட்டிருப்பதால், எளிதில் நழுவி வேறொரு பாட்டுக்குள் போய்விடும். நான் முதன்முதலில் வாங்கிய கட்டில் அட்டைகளின் அழகை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தபோது பல பாட்டுகளில் பல்லவியின் பாதியே இல்லை. இணையத்தில் வாங்குவதாக இருந்தால், எல்லாப் பக்கங்களின் படத்தையும் அனுப்பும்படி விற்பவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அடுத்து அளவைப் பாருங்கள். முதல் உலகப் போர்க் காலம் வரை வழக்கத்தில் இருந்தது ஏறத்தாழ 11க்கு 14 அங்குலப் பெரிய தாள். போரின்போது காகிதத்தைச் சேமிக்கச் சில பதிப்பகங்கள் சிறிய அளவுக்கு மாறி, அதற்கான காரணத்தைத் தாளிலேயே அச்சிட்டன. 1920 வாக்கில் 9க்கு 12 அங்குலம் நிலைத்துவிட்டது. ஆகவே பெரிய தாளில் உள்ள பாட்டு பெரும்பாலும் 1920க்கு முந்தைய அச்சு என்று கொள்ளலாம். பாட்டு வரிகளின் மேல், சிறு கித்தார் போன்ற உகுலேலேக்கான விரல் கட்டங்கள் இருந்தால், அது பெரும்பாலும் 1920களிலோ அதற்குப் பின்னரோ அச்சானது.

முதல் பக்கத்தின் அடியில் உள்ள காப்புரிமை ஆண்டு, பாட்டு காப்புரிமைக்காகப் பதிவான ஆண்டைத்தான் சொல்லும். உங்கள் கையில் உள்ள தாள் அச்சான ஆண்டைச் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கப் பதிப்பாளரின் முகவரியும் பின்னட்டை விளம்பரமும் உதவும். இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளினின் பியானோ இசையான ‘மேப்பிள் லீஃப் ராக்’கை 1899இல் மிசூரி மாநிலத்துச் சிடேலியா ஊரில் ஜான் ஸ்டார்க் வெளியிட்டார், மறு ஆண்டே அவர் செயின்ட் லூயிஸுக்கும் 1905இல் நியூயார்க்குக்கும் தொழிலை விரித்ததால், அட்டையில் உள்ள ஊர்ப்பெயரே அச்சின் வயதைக் காட்டும் முதல் தடயமாகிறது. பின்னட்டையில் விளம்பரமான பாட்டுகளில் ஒன்று 1916இல் வந்தது என்றால், தாளில் 1912 என்று போட்டிருந்தாலும் அது 1916க்கு முன் அச்சாகியிருக்க முடியாது.

ஒரே பாட்டின் அச்சுகள் எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு, இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியின் ‘மெம்பிஸ் ப்ளூஸ்’ நல்ல சான்று. 1912இல் அவர் மெம்பிஸ் நகரில் தாமே வெளியிட்டபோது அது சொற்கள் இல்லாத பியானோ இசை. உரிமையை மிகச் சிறு தொகைக்கு அவர் விற்றுவிட, 1913இல் ஜார்ஜ் நார்ட்டன் எழுதிய சொற்களுடன் வேறொரு பதிப்பாளரின் பெயரில் அது பாட்டாக வந்தது. கறுப்பினக் கலைஞர் ஒருவர் தம் படைப்பை எப்படி இழந்தார் என்ற வரலாறு, இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதிப்பாளர் பெயர்களிலேயே தெரியும். அதனால்தான் இசை ஒன்றுதானே என்று நினைத்து எந்த அச்சையும் ஒதுக்கிவிடக் கூடாது என்கிறேன். அட்டையில் சிறு வட்டத்துக்குள் இருக்கும் பாடகரின் புகைப்படம்கூட அச்சுக்கு அச்சு மாறும். அப்போது அந்தப் பாட்டை மேடையில் பாடிப் பரப்பியவர் யார் என்பதற்கு அதுவே ஆவணம். அட்டை ஓவியத்தின் மூலையில் ‘ஸ்டார்மர்’, ‘பார்பெல்’ போன்ற கையொப்பங்கள் இருந்தால் அவற்றையும் குறித்து வையுங்கள்.

ஜாஸைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். பியானோக் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனின் ‘ஜெல்லி ரோல் ப்ளூஸ்’ 1915இல் சிகாகோவில் வில் ராசிட்டர் பதிப்பாக வந்தது. அச்சில் வந்த முதல் ஜாஸ் படைப்பு என்று பலர் அதைச் சொல்வார்கள். எனினும் வீட்டில் வாசிப்பவருக்காக எளிமைப்படுத்திய பியானோ தாளில், குழு வாசித்த ஜாஸ் முழுமையாக இருக்காது. அதற்கு நெருக்கமாகச் செல்ல விரும்புபவர் ‘ஸ்டாக்’ எனப்படும் நடனக்குழுத் தொகுப்புகளைத் தேட வேண்டும். கார்னெட், கிளாரினெட், டிராம்போன், பான்ஜோ என ஒவ்வொரு கருவிக்கும் தனித்தாள் கொண்ட இவை முழுமையாகக் கிடைப்பது மிக அரிது. ஒரே ஒரு கருவியின் தாள் கிடைத்தாலும் வாங்கி வையுங்கள். மீதித் தாள்கள் உலகின் வேறு மூலையில் ஒருவரிடம் இருக்கக்கூடும்.

பாதுகாப்புக்குச் சில விதிகளே உண்டு, அவற்றை மீறாதீர்கள். மரக்கூழில் செய்த அக்காலக் காகிதத்தில் அமிலம் இருப்பதால் அது பழுத்து நொறுங்கும். ஒட்டும் நாடா அதன் மேல் படவே கூடாது. கிழிந்த மடிப்பை ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் கொண்டு ஒட்டலாம், அல்லது ஒட்டாமலே பாலியெஸ்டர் உறையில் வைக்கலாம். பிவிசி உறைகள் காலப்போக்கில் மையைக் கெடுக்கும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் விரைவில் வந்துவிடுமாதலால், அமிலமற்ற பெட்டியில் படுக்கை நிலையில் அடுக்கி, சுவரை ஒட்டாத உலர்ந்த அலமாரியில் வைத்து, மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள்.

ஸ்கேன் செய்யும்போது ஏ4 கருவி போதாது. 9க்கு 12 அங்குலத் தாளே அதன் விளிம்பைத் தாண்டும். ஏ3 கருவியில் பெரிய தாளும் அடங்கும். அட்டையை வண்ணத்திலும் இசைப் பக்கங்களைச் சாம்பல் நிறத்திலும் 600 டிபிஐ அளவில் எடுத்து, மூலத்தை டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டு, பகிர்வதற்குத் தனியாகப் பிடிஎஃப் செய்யுங்கள். தூய கறுப்பு வெள்ளையில் எடுத்தால் புள்ளிகளும் மெல்லிய கோடுகளும் மறைந்து சுருதியே மாறிப்போகும். வெற்றுப் பக்கமோ விளம்பரமோ எதையும் விட்டுவிடாதீர்கள். பின்னட்டை விளம்பரங்களில் வேறு பாட்டுகளின் தொடக்கச் சுரங்களும் அச்சாகியிருக்கும், அவற்றுள் சில அங்கு மட்டுமே எஞ்சியவையாக இருக்கலாம்.

பகிர்வதற்கு முன் உரிமையைச் சரிபார்ப்பது கட்டாயம். அமெரிக்கச் சட்டப்படி அங்கே வெளியான பழைய பாட்டுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் முடியும் வரை காப்புரிமை இருக்கலாம். 1930இல் வெளியானவை 2026 ஜனவரி 1 அன்று காப்புரிமை நீங்கிப் பொதுவுடைமையாயின. 1931 முதல் 1963 வரை வெளியானவை 28ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டிருந்தால் மட்டுமே காப்பில் உள்ளன; அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பழைய பதிவுத் தொகுதிகளில் இதைத் தேடிப் பார்க்கலாம். 1902இல் வந்த பாட்டுக்கு 1940களில் செய்த புதிய அமைப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதையும், ஒலிப்பதிவுக்கான விதிகள் முற்றிலும் வேறு என்பதையும், நீங்கள் வாழும் நாட்டின் காலவரம்பு மாறுபடலாம் என்பதையும் மறக்க வேண்டாம். காப்பில் உள்ள தாளை ஸ்கேன் செய்து பரப்பாமல், அதன் விவரங்களை மட்டும் வெளியிடுங்கள். தாளையே இன்னொருவருக்கு விற்கவோ இரவல் தரவோ தடையில்லை.

ஏற்றுவதற்கு முன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெவி தொகுப்பிலும் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெம்பிள்டன் தொகுப்பிலும் தேடிப் பாருங்கள். அங்கே இல்லாததை, அல்லது வேறு அச்சாக உள்ளதை, இசைத்தாள்களுக்கான இணைய நூலகமான ஐஎம்எஸ்எல்பியிலோ, இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவிலோ ஏற்றுங்கள். தலைப்பு, இசையமைப்பாளர், பாடலாசிரியர், பதிப்பாளர், முகவரி, ஆண்டு, பக்கங்களின் அடியில் உள்ள தகட்டு எண் (அச்சுத் தகடுகளை அடையாளம் காணப் பதிப்பாளர் இட்ட எண்) ஆகியவற்றோடு, சரணத்தின் முதல் வரியையும் பல்லவியின் முதல் வரியையும் எழுதுங்கள். தேடி வருபவர் பலருக்குத் தலைப்பு நினைவிருக்காது, ஒரு வரிதான் இருக்கும்.

அக்கால அட்டைகள் பலவற்றில் கறுப்பின மக்களை இழிவாக வரைந்த படங்களும், பாட்டுகளில் இழிசொற்களும் உண்டு. அவற்றை அழித்தோ மறைத்தோ ஏற்றக் கூடாது. அலங்காரமாக முகப்பில் வைக்கவும் கூடாது. எதைக் காணப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு குறிப்பை, பார்ப்பவர் முதலில் படிக்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

நடுத்தாள் தொலைந்த பிரதியையும் எறிந்துவிடாமல், 3, 4ஆம் பக்கங்கள் இல்லை என்று தெளிவாகக் குறித்து ஏற்றுங்கள். அட்டை இழந்து நடுத்தாள் மட்டும் வைத்திருப்பவர் ஒருவர் அதைப் பார்க்கும்போது, தகட்டு எண்ணை ஒப்பிட்டு அது உங்கள் தாளின் மறுபாதி என்று கண்டுகொள்வார்.