தசை தளரும் நோய்க்கு ஏற்ற வைத்திய நிபுணரை மலையகத்திலிருந்து தேடிச் செல்வது எப்படி?

என் தாயார் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். பின்னேரம் கொழுந்து நிறுக்கும் வேளையில் அவருடைய இடது கண்ணிமை தாழ்ந்துவிடும். இரவில் மென்று விழுங்கி முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துபோகும். விடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும். முதலில் மூக்குக்கண்ணாடி கிடைத்தது, பிறகு இரத்தக் குறைவுக்கு மாத்திரை கிடைத்தது. நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராமல் தசை தளரும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயின் பெயர் தெரியவர இரண்டு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. இடையில் பார்த்த வைத்தியர்களை நான் குறை சொல்லவில்லை. கிளினிக் காலையில் நடக்கிறது. அம்மாவின் நோயோ மாலையில்தான் முகத்தில் தெரிந்தது.

ஆகவே நிபுணரைத் தேடும் முன், நோயை அவர் கண்ணுக்குக் கொண்டுபோகும் வழியைத் தேட வேண்டும். தளர்ச்சி கூடியிருக்கும் நேரத்தில் முகத்தையும், கை தூக்குவதையும், படியேறுவதையும் கைத்தொலைபேசியில் காணொளியாக எடுத்து, தேதியையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். "உடம்பு முடியவில்லை" என்று சொன்னால் எந்த வைத்தியரும் முதலில் சத்துக் குறைவையே நினைப்பார். "தலை வாரும்போது கை பாதியில் இறங்கிவிடுகிறது, பத்து நிமிடம் உட்கார்ந்தால் மறுபடி தூக்க முடிகிறது" என்று சொன்னால் அவருடைய எண்ணம் நரம்பு, தசை நோய்களின் பக்கம் திரும்பும். விறைப்பும் மரத்துப்போதலும் உண்டா, சரிந்து விழுந்தது உண்டா, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இப்படி இருந்ததா என்பவற்றையும் எழுதுங்கள். சிங்களம் எழுதத் தெரிந்தவரைக் கொண்டு அதே குறிப்பைச் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ் பேசாத வைத்தியரின் முன் உட்கார்ந்து, மொழிபெயர்க்க வந்தவரின் ஞாபகத்தை மட்டும் நம்புவது ஆபத்தானது.

இந்த நோய்களுக்குரியவர் நரம்பியல் வைத்திய நிபுணர். தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து நேரே அவரிடம் போக முடியாதென்றால், டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ பொது வைத்திய நிபுணரைக் கண்டு, நரம்பியல் கிளினிக்குக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் பிரிவு உண்டு. ஊவாப் பக்கத்தவர்கள் முதலில் பதுளையில் விசாரிக்கலாம். பிள்ளைகளின் விடயம் வேறு. ஆண் பிள்ளை அடிக்கடி விழுவதும், தரையிலிருந்து எழும்போது தொடையைக் கையால் ஊன்றி ஏறுவதும், கெண்டைக்கால் பருத்திருப்பதும் டுச்சென் தசைச் சிதைவு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். தசை சிதைவதைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்யலாமா என்று கேட்டு, சிறுவர் நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் பெற வேண்டும். ஈரல் சோதனையில் காட்டும் சில நொதியங்கள் தசை சிதைவதாலும் கூடும் என்பதால், ஈரல் நோய் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரும் இதைக் கேட்பது நல்லது.

எங்களுக்குப் பெரிதும் உதவியது ஒரேயொரு சனல், அதாவது தனியார் நிலையத்தில் பணம் கட்டி நிபுணரைப் பார்ப்பது. அரசாங்க வைத்தியசாலையில் பணிபுரியும் நிபுணர்களில் பலர் மாலையில் தனியார் நிலையங்களில் நோயாளரைப் பார்க்கிறார்கள். வேலை செய்து களைத்த அம்மாவை அந்த நேரத்தில் அழைத்துப் போனோம். வைத்தியர் அவரை மேல்நோக்கி ஒரு நிமிடம் பார்க்கச் சொன்னார், இமை இறங்கியது, அதன் பிறகு தன் அரசாங்க கிளினிக்குக்கே வரும்படி எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் பணம் கட்டச் சம்பளம் தாங்காது. ஒரு முறை கட்டுவது, சரியான இடத்தில் இலவசமாகத் தொடர வழி திறக்கலாம்.

கிடைத்த நிபுணர் ஏற்றவரா என்பதை அவர் கேட்கும் கேள்விகளிலிருந்து நான் கணிப்பேன். விழுங்குவதையும் மூச்சையும் பற்றிக் கேட்கிறாரா? ஒரே மூச்சில் எண்ணச் சொல்லிப் பார்க்கிறாரா? கையை ஒரு முறை அழுத்திவிட்டு விடாமல், பல முறை தூக்கவைத்துப் பலம் குறைகிறதா என்று பார்க்கிறாரா? மயஸ்தீனியா என்று சந்தேகித்தால் நரம்பு மின் பரிசோதனையும், நோய் உறுதியானதும் இந்த நோயோடு தொடர்புடைய தைமஸ் சுரப்பியைக் காண நெஞ்சுக்கு சீ.டி. ஸ்கேனும் எழுதப்பட வேண்டும். உடல் முழுதும் தளரும் வகையில் ஏறக்குறைய 85 வீதமானோருக்கும், கண்ணோடு நிற்கும் வகையில் பாதிப் பேருக்கும் மாத்திரமே, நரம்பின் கட்டளையைத் தசை ஏற்கும் இடத்தைத் தாக்கும் அசெட்டைல்கோலின் ஏற்பி எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்படுகிறது. எனவே எதிர்ப்பொருள் இல்லை என்ற இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றை வைத்து "நோயில்லை" என்று அனுப்புபவரிடம் மறுபடியும் கேளுங்கள். நிபுணத்துவம் பற்றிச் சந்தேகமிருந்தால் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் பெயரைப் பார்க்கலாம்.

கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோ பிரதி எடுங்கள். மயஸ்தீனியா நோயாளருக்கு ஜென்டமைசின், சிப்ரோபுளொக்சசின் போன்ற சில கிருமிக்கொல்லிகளும், மெக்னீசிய ஊசியும், சில இருதய மாத்திரைகளும் தளர்ச்சியைக் கூட்டக்கூடும். தவிர்க்க வேண்டியவற்றை நிபுணரிடமே எழுதி வாங்கி, ஒரு பிரதியைத் தோட்ட டிஸ்பென்சரியிலும் கொடுத்து வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுங்கள். மூச்சு முட்டினாலோ எச்சிலே விழுங்க முடியாமற் போனாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் 1990 என்ற இலக்கத்தில் அம்பியூலன்ஸை அழைத்து, ஏறும்போது அந்த உறையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.