குறைந்த செலவில் கஃபே ரேசர்: வீட்டிலேயே கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, வீட்டு முற்றத்திலேயே அதைக் கஃபே ரேசராக (எடையைக் குறைத்து, கைப்பிடியைத் தாழ்த்திய பந்தயத் தோற்ற வண்டியாக) மாற்ற முனைவோர் பலர் முதல் நாளே கிரைண்டரைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். பின் மட்கார்டும், சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சேஸிஸ் (வண்டியின் சட்டகம்) குழாயும் போனால்தான் மனத்தில் வரைந்து வைத்த உருவம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் என்பதால் அந்த ஆவலில் வியப்பில்லை. ஆயினும் கையில் பணம் குறைவாக உள்ளவருக்கு வரும் நட்டத்தில் பெரும்பகுதி வேலையின் வரிசை பிசகுவதால்தான் வருகிறது என்பதை, வார்ப்பிரும்பு (காஸ்ட் அயர்ன்) என்ஜின் கொண்ட ஒரு பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டோடு இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டிய பிறகு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

எதைக் கட்டப்போகிறோம் என்பதில் தெளிவில்லாமல் தொடங்குவதே முதல் தவறு. 1950களிலும் 60களிலும் லண்டனின் நார்த் சர்க்குலர் சாலையில் இருந்த ஏஸ் கஃபே போன்ற உணவகங்களில் கூடிய இளைஞர்கள், மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொட வேண்டும் என்பதற்காகவே தங்கள் வண்டிகளில் தேவையற்ற எடையைக் கழற்றினார்கள், காற்றின் எதிர்ப்பைக் குறைக்க ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார்கள், குனிந்த உடலுக்கு ஏற்பக் கால் வைக்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நார்ட்டன் சேஸிஸில் ட்ரையம்ப் என்ஜினைப் பொருத்தி 'ட்ரைட்டன்' என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தாம். அந்த நாகரிகத்தைப் பார்த்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 1960களின் நடுவில் இங்கிலாந்தில் 250 சிசி கான்டினென்டல் ஜிடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் அழகு என்று பார்க்கும் ஒவ்வொரு கோடும் ஓட்டத்தின் தேவையால் பிறந்தது. ஓட்டத்தை மறந்துவிட்டு உருவத்தை மட்டும் நகல் எடுத்தால் வண்டி முற்றத்திலேயே நின்றுவிடும்.

வண்டி வாங்கும்போது, ஆர்.சி. (பதிவுச் சான்று) இல்லாத வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று மயங்கக் கூடாது. உரிமையாளர் பெயரை மாற்ற முடியாத வண்டிக்கு உங்கள் பெயரில் இன்சூரன்ஸ் கிடைக்காது. அதன் மேல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் பழைய இரும்பின் மேல் போட்ட பணம்தான். சேஸிஸிலும் என்ஜினிலும் குத்தியுள்ள எண்களை எமரித்தாளால் துடைத்துப் பார்த்து, ஆர்.சி.யில் உள்ளவற்றோடு ஒரு எழுத்துக்கூட விடாமல் ஒப்பிட வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படுகிறது என்பதால், அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தையும் பசுமை வரியையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

சேஸிஸை வெட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பது என் முடிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே எதைச் செய்தாலும் போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்கே திரும்பும்படி செய்ய வேண்டும். கழற்றிய ஒரிஜினல் சீட், மட்கார்டு, ஹேண்டில்பார் எதையும் விற்றுவிடக் கூடாது. பெரிய மாற்றம் எதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்த பிறகே தொட வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்க, உலோகத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. என் புல்லட்டில் ஷாக் அப்சார்பர் மேல் பிடிமானத்துக்குச் சற்றுப் பின்னால் குழாயை வெட்டி, வளைந்த குழாய் ஒன்றை வைத்து ஒரு பட்டறையில் பற்ற வைத்தேன். வெல்டிங் மேடு தெரியாமல் வழவழப்பாகக் கிரைண்ட் செய்து, கறுப்பு அடித்தபோது பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து, செயின் எண்ணெய் தெறித்த இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, பெயின்ட்டில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தென்பட்டது. நகத்தால் கீறியதும் உள்ளே செந்துரு. பின்னால் அமர்ந்தவரின் எடை முழுவதையும் தாங்கிய இடம் அது. குழாயின் உள்ளே இறுக்கமாக ஒரு துண்டுக் குழாயைச் செருகாமல் முனையோடு முனை பற்ற வைத்ததும், பலம் தரும் மேட்டை அழகுக்காகத் தேய்த்து எடுத்ததும் சேர்ந்து செய்த வேலை அது. அன்று மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. சேஸிஸைத் தொடாமல், அதன் மேலேயே அமரும்படி தகட்டில் அடிப்பாகம் செய்து, பின்புறம் திமில் வைத்த சீட்டைப் போல்ட்டில் பொருத்தியிருந்தால் அதே உருவம் இதைவிடக் குறைந்த செலவில் கிடைத்திருக்கும்.

என்ஜினைக் கடைசிக்கு ஒத்திவைப்பதும் பலரும் செய்வது. வாங்கிய வண்டியை அப்படியே ஓரிரு நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது. சூடேறிய பிறகு நீலப்புகை வருகிறதா, கிக்கரை மெதுவாக அழுத்தும்போது எதிர்ப்பு நிற்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, கியர் தானாக நழுவுகிறதா என்பவை அந்த ஓட்டத்தில்தான் தெரியும். ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சற்றுப் பெரிதாக்கி) புது பிஸ்டன் போட வேண்டியிருந்தால் அந்தச் செலவு மற்றெல்லாவற்றையும் விழுங்கிவிடும். கையிலுள்ள தொகையில் பாதியை என்ஜின், பிரேக், டயர் மூன்றுக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில்தான் அழகைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பேன்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கார்புரேட்டர் வாயில் கூம்பு வடிவ ஃபில்டரைச் செருகுவது சில நிமிட வேலை. அதன் விளைவோ நாள்கணக்கில் தொடரும். காற்று கூடுதலாகப் புகும்போது பெட்ரோல் விகிதம் குறைந்து என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. யமஹா ஆர்.எக்ஸ்.100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டனே சிக்கிக்கொள்ளலாம். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையுள்ள மெயின் ஜெட்டை ஒரு படி, இரண்டு படி பெரிதாக்கி, நல்ல வேகத்தில் ஓட்டி, அப்படியே என்ஜினை நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், காய்ந்த மண்ணின் வெளிர்பழுப்பாக இருந்தால் சரி. பொறுமை இல்லையென்றால் பழைய பெட்டியை அப்படியே விட்டுவிடலாம். பக்கவாட்டு மூடிக்குள் அது யார் கண்ணையும் உறுத்தப்போவதில்லை.

முன் ஃபோர்க் குழாய்களில் தனித்தனியாகக் கவ்வும் தாழ்ந்த கிளிப்-ஆன் கைப்பிடிகளை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டுக் கால்மிதியைப் பழைய இடத்திலேயே விட்டால், மேல் உடலின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கி, அரைமணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். கையும் காலும் சேர்ந்தே நகர வேண்டும். ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் திருப்பி, கட்டைவிரல் டேங்குக்கும் பிடிக்கும் இடையில் நசுங்குகிறதா, கேபிள் இழுபட்டு ஆக்ஸிலரேட்டர் தானாக ஏறுகிறதா என்று என்ஜின் ஓடும்போதே சோதிப்பது கட்டாயம். கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளும்போது கியர் லிவரைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால் கியர் வரிசையும் தலைகீழாகிவிடும். நெருக்கடியான நேரத்தில் கால் பழைய பழக்கத்தையே தேடும் என்பதால், இணைப்புக் கம்பி வைத்து வரிசை மாறாமல் அமைப்பதே பாதுகாப்பு.

வயரிங்கைக் கத்தரிப்பதற்கு முன் ஒவ்வொரு இணைப்புக்கும் துண்டுச்சீட்டு ஒட்டிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய புல்லட்டில் தீப்பொறிக்கே பேட்டரி தேவை என்பதை அறியாமல் அதைக் கழற்றிவிட்டு, வண்டி ஏன் கிளம்பவில்லை என்று தவிப்போர் உண்டு. பேட்டரியைச் சீட்டின் திமிலுக்குள் ஒளிக்கலாம், ஆனால் ஃபியூஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீக்கக் கூடாது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு முதல் மழையிலேயே கைவிடும்.

டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் பழைய டயர் பூவெல்லாம் முழுதாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். பழைய விளக்கு, மீட்டர், மட்கார்டு ஆகியவற்றை அங்கே தாராளமாகத் தேடலாம். டயர், பிரேக் ஷூ, செயின் மூன்றையும் புதிதாகவே வாங்க வேண்டும். ஓட்டை விழுந்த பெட்ரோல் டேங்கை, காலியாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் பற்ற வைக்கத் துணியக் கூடாது. காலி டேங்கில் தேங்கிய ஆவி, பெட்ரோலைவிட வேகமாக வெடிக்கும்.

பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டும். துருவேறிய இரும்பாகவே முழு வண்டியையும் ஒருமுறை பூட்டி, ஓட்டி, துளை போட வேண்டியதைப் போட்டு, பற்ற வைக்க வேண்டிய சிறு பிடிமானங்களைப் பற்ற வைத்து முடித்த பிறகே மீண்டும் பிரித்து வண்ணம் அடிக்க வேண்டும். சேஸிஸ் எண் குத்திய இடத்தில் பட்டியும் (பள்ளம் நிரப்பும் பூச்சு) பவுடர் கோட்டிங்கும் படியாமல் டேப் ஒட்டி மறைப்பது அவசியம். மறுபடி பூட்டிய பின் முதல் 50 கிலோமீட்டரில், என்ஜின் பிடிமானங்களிலிருந்து சக்கர அச்சுவரை எல்லா நட்டுகளையும் ஸ்பானர் வைத்து ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் புல்லட்டின் அதிர்வில் ஏதாவது ஒன்றிரண்டு தளர்ந்துதான் இருக்கும்.