டீசல் பிக்கப்: டார்க்கைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்க டீசல் பிக்கப் தேடும் புதியவர்கள் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள், யாருக்கு டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) அதிகம் என்று. ஃபோர்டு பவர் ஸ்ட்ரோக் ஹை அவுட்புட் 1,200 பவுண்ட்-அடி, ராம் கம்மின்ஸ் 1,075, ஜிஎம் டியூராமேக்ஸ் 975, அப்போ ஃபோர்டுதான். ஆயில் மாற்றுவது, டெஃப் (புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) ஊற்றுவது எல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது, அதை விடுகிறேன்.

இழுக்குமா என்று பார்த்து, சுமக்குமா என்று பார்க்காதது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். இழுப்பது இன்ஜின், சுமப்பது அச்சும் ஸ்பிரிங்கும் டயரும். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பின் பின்தட்டுக்குள்ளேயே மாட்டும் வகை) என்றால் அதன் எடையில் 15 முதல் 25 சதவீதம் வண்டியின் மேலேயே உட்காரும். 14,000 பவுண்ட் டிரெய்லருக்கு 20 சதவீதம் வைத்தாலே 2,800. முக்கால் டன் (அரை டன், ஒரு டன் போல இது வகைப் பெயர்தான்) டீசலில் பலவற்றுக்கும் வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்ட், டீசல் இன்ஜினே கனம், அதனால் நாலு கதவு வண்டியில் பேலோட் (சுமக்கக்கூடிய எடை) பெரும்பாலும் 2,000-க்குச் சற்று மேலேதான் மிஞ்சும், அதிலும் ஹிட்ச், மனைவி, பிள்ளைகள், கூலர் பெட்டி எல்லாம் அடக்கம்.

டாலஸில் ஒரு நண்பர் முக்கால் டன் வண்டி இழுக்குமா என்று கேட்டதற்கு, விற்றவர் "தாராளமாக இழுக்கும்" என்றாராம். இழுத்தது, அதில் பொய்யில்லை. ட்ரக் ஸ்டாப் எடை மேடையில் ஏற்றியபோதுதான் பின் அச்சு வரம்பைத் தாண்டியிருந்தது தெரிந்தது. பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போடச் சொன்னார்கள், போட்டார். வண்டி நிமிர்ந்தது, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எடை வரம்பு எண் மாறவில்லை. கடைசியில் அதை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு, பின்னால் நாலு டயர் உள்ள ஒரு டன் வண்டி வாங்கினார். அந்த ஸ்டிக்கரைப் படிக்க ஒரு நிமிடம் போதும், யாரும் படிப்பதில்லை!

ஏற்றத்துக்கு டார்க் மட்டும் போதும் என்பது

கொலராடோவில் ஐசனோவர் சுரங்கத்துக்கு ஏறும் 7 சதவீதச் சரிவில் எந்த வேகத்தில் ஏறுவீர்கள் என்பதைக் குதிரைத்திறன் முடிவு செய்கிறது. டார்க்கை கியர் பெருக்கிக் கொள்ளும். ஃபோர்டு 500, டியூராமேக்ஸ் 470. டார்க்கில் 23 சதவீதமாகத் தெரிந்த இடைவெளி இங்கே 6 சதவீதம்.

பின் அச்சு விகிதம்

பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண் இது. கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

யூடியூப் மைலேஜ்

8,500 பவுண்டுக்கு மேல் எடை வரம்புள்ள பிக்கப்புகளுக்கு ஈபிஏ (அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு) தரும் மைலேஜ் எண்ணே கிடையாது. யாராவது 20 கிடைத்தது என்றால் டிரெய்லர் மாட்டியிருந்தாரா என்று கேளுங்கள். உயரமான ஃபிஃப்த் வீலுடன் காற்றைக் கிழித்துப் போகும்போது கேலனுக்கு 10 மைல் வந்தாலே பெரிது, எந்த இன்ஜினாக இருந்தாலும்.

கடைக்குப் போக டீசல்

வேண்டாம். சின்னப் பயணங்களில் புகைக்குழாய் வடிகட்டி சூடேறாமல் புகைக்கரி அடைக்கும். சின்ன டிரெய்லர்தான் என்றால் ஜிஎம்மின் 3 லிட்டர் டியூராமேக்ஸைப் பாருங்கள்: 495 பவுண்ட்-அடி, அரை டன் வண்டி, மைலேஜ் எண்ணும் ஜன்னல் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.