மாருதி எஸ்டீம்ல இருக்குற இன்ஜினையே பிரிச்சு வேலை பாக்குறதா, வேற இன்ஜினா: நான் பண்ண தப்பைப் பண்ணாதீங்க

போன வாரம் லேத் கடைல ஒரு தம்பி, "அண்ணா, இன்ஜின் வேலைக்குக் கேக்குற காசுக்குப் பழைய பலேனோ இன்ஜினே வச்சிரலாம்ணா"ன்னான். பத்து வருஷம் முன்னாடி நான் சொன்ன அதே வார்த்தை. மனசு கேக்கல, எழுதுறேன்.

ஸ்கிராப் இன்ஜினைப் பிரிக்காம ஏத்துறது

கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்குற கரி ரேஸ் டிராக்ல ஓட்ட எஸ்டீம் வச்சிருந்தேன், 1298 சிசி. காலைல ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை தள்ளும், கொஞ்ச நேரத்துல புகை நின்னுடும். பிஸ்டன் ரிங்கு போச்சுன்னு நானே முடிவு பண்ணி, ஸ்கிராப் கடைல 1590 சிசி பலேனோ இன்ஜின் எடுத்தேன், கையால சுத்திப் பாத்தேன், ஃப்ரீயா சுத்துச்சு, அதை நம்பி மவுன்ட் அடிச்சு, வயரிங் இழுத்து, என்னோடது கார்புரேட்டர் வண்டி, பலேனோ இன்ஜெக்ஷன் இன்ஜின்ங்கிறதால டேங்க்ல எலக்ட்ரிக் பம்பு, ரிட்டர்ன் லைன்னு எல்லாம் போட்டு ஏத்தியாச்சு. ரெண்டே மாசத்துல ஆயில் குடிக்க ஆரம்பிச்சு, அடியில தட்டுற சத்தம். இறக்கிப் பிரிச்சா போர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டரோட உள்சுவர்) தேஞ்சு கெடக்கு, பேரிங் மேல்பூச்சு தேஞ்சு செம்பு தெரியுது. போர், பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், திரும்ப ஏத்துக்கூலி. எந்த செலவுக்குப் பயந்து இன்ஜின் மாத்தினேனோ அதே செலவு, மாத்தின செலவுக்கு மேல.

இன்னைக்கும் எரிச்சல் என்னன்னா, எடைக்குப் போட்ட என் பழைய இன்ஜினுக்கு வால்வ் சீல் (வால்வு வழியா ஆயில் உள்ள இறங்காம தடுக்குற ரப்பர்) மட்டும்தான் போயிருந்திருக்கும். காலைல மட்டும் வர்ற புகைக்கு முதல்ல அதைத்தான் சந்தேகப்படணும். இன்ஜின் சூடா இருக்கும்போது நாலு பிளக்கையும் கழட்டி, ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்கி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கேஜ் வச்சு கம்ப்ரஷன் (அழுத்தம்) பாருங்க. குறைவா இருக்குற சிலிண்டர்ல கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்க, ஏறினா ரிங்கு, ஏறலன்னா வால்வு இல்ல கேஸ்கெட். நாலும் சரியா இருந்து காலைல மட்டும் புகைன்னா இன்ஜினோட கீழ்ப்பக்கம், பிஸ்டன், கிராங்க்ல கை வைக்கவே வேண்டாம். அரை மணி நேர வேலை, நான் பண்ணல.

அதனால ஸ்கிராப் இன்ஜின் விலையோட ஒரு ஃபுல் இன்ஜின் வேலையையும் கூட்டிட்டுக் கணக்குப் போடுங்க. அப்பவும் கட்டுப்படியானா மாத்துங்க.

பிஸ்டன் வராம போர் பண்ணக் குடுக்கறது

புது பிஸ்டன் கைக்கு வந்தப்புறம், அதை அளந்துதான் அந்த அளவுக்கு சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணணும்.

ஆர்சி

ரோட்டுல ஓட்டுற வண்டின்னா வேற மாடல் இன்ஜின் ஆசையை விட்டுடுங்க, கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கு, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே கறாரா சொல்லிடுச்சு. அதே மாடல் இன்ஜின் போட்டாலும் ஆர்டிஓகிட்ட சொல்லி புது இன்ஜின் நம்பரை ஆர்சில ஏத்திடுங்க.

பிரேக்

பவர் ஏத்துறதுக்கு முன்னாடி பிரேக்கைச் சரி பண்ணுங்க.