ஏர் ரைபிள் சிலிண்டரில் காற்று நிரப்பும்போது

10 மீட்டர் போட்டிக்கான ஏர் ரைபிள்களின் சிலிண்டர்கள் பெரும்பாலும் 200 பார் அழுத்தம் வரை தாங்கும். நிரப்பப் பயன்படும் பெரிய தொட்டி 300 பார் உள்ளதாக இருந்தால், அழுத்தம் காட்டும் கேஜிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். 200-ஐத் தொட்டதும் வால்வை மூடிவிடுங்கள். வால்வை மெதுவாகத்தான் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் காற்று சூடாகி, கேஜ் 200 காட்டும். ஆறிய பிறகு பார்த்தால் அழுத்தம் இறங்கியிருக்கும். நிரப்பி முடித்ததும் தொட்டியின் வால்வை மூடி, குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்துவிட்டு, அதன் பிறகே சிலிண்டரைக் கழற்றுங்கள்.

காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ், அதுவும் விரல்நுனியில் மெல்லிய பூச்சாக, போதும். தையல் மெஷின் எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம்: உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் அவை தீப்பற்றலாம். ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது, அது வெடிக்கும். கைப்பம்பால் நிரப்புவது என்றால் ஈரம்தான் பெரிய எதிரி. சில நிமிடங்கள் அடித்ததும் நிறுத்தி, பம்பை ஆறவிட்டு, தேங்கிய நீரை வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள்.

நன்றாகக் குறிவைத்தும் குண்டுகள் வரிசையாகக் கீழே விழுகின்றனவா? குறிபார்க்கும் சைட்டைத் திருகும் முன் கேஜைப் பாருங்கள். அழுத்தம் மிகவும் குறைந்துவிட்டால் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரால் குண்டுக்குச் சீரான வேகம் தர முடியாது.

சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள். பொதுவாக 10 ஆண்டுதான் ஆயுள். காலாவதியானதை மாற்றிவிடுங்கள்.