டக்ட் சுத்தம் செய்து மூன்றே வாரம், மறுபடி புழுதி

வீட்டைச் சுற்றி வயல். உழவு ஓட்டினால் புழுதி, அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டால் புழுதியோடு சுணையும் சேர்ந்துகொள்ளும், ஜன்னலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் ராத்திரி கழுத்தெல்லாம் அரிக்கும். இந்த லட்சணத்தில் எங்கள் வீட்டில் சென்ட்ரல் ஏசி, ஒரே யூனிட்டிலிருந்து டக்ட் என்ற காற்றுக் குழாய்கள் வழியாகத்தான் எல்லா அறைக்கும் குளிர் போகும். டக்டுக்குள் என்னதான் சேர்ந்திருக்கிறதோ என்று பயந்து ஒரு கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டு சுத்தம் செய்யச் சொன்னேன். வந்தார்கள், 50 நிமிடத்தில் முடித்தார்கள், போனில் நாலு படம் காட்டினார்கள், போய்விட்டார்கள். மூன்றாவது வாரம் கிரில் ஓரத்தில் அதே பழுப்புக் கோடு, காலையில் மேசையைத் துடைத்தால் துணியில் அதே மண்.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். ஒரு அறுவடையைத் தாண்டியும் டக்ட் சுத்தமாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். டக்ட் இல்லாத, சுவரில் மாட்டும் ஏசி வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

முதலில், சுத்தம் தேவையா?

தூசி ஊரில் இருக்கிறோம், அதனால் வருஷா வருஷம் டக்ட் சுத்தம் செய்தாக வேண்டும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்படிச் சொல்லவில்லை. டக்ட் சுத்தம் செய்வதால் நோய் தடுக்கப்படுகிறது என்று நிரூபணமாகவில்லை, தேவைப்படும்போது செய்தால் போதும் என்பதுதான் அவர்கள் நிலை. தேவை என்று அவர்கள் சொல்வது மூன்று: உள்ளே கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சை, எலி அல்லது பூச்சிக் குடியிருப்பு, டக்டே அடைக்கிற அளவு தூசி சேர்ந்து அறைக்குள் துகள் கொட்டுவது.

பார்ப்பது சுலபம். குளிர்ந்த காற்று வெளியே வருகிற சப்ளை கிரில் ஒன்றைக் கழற்றி, போனை உள்ளே நீட்டி ஃபிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். மெல்லிய படலம் என்றால் விட்டுவிடலாம். விரலால் கோடு போட்டால் வரப்பு மாதிரி நிற்கிறது, ஏசியைப் போட்டதும் ஒரு குப் என்று தூசி வருகிறது என்றால் மேலே படியுங்கள். காற்றை உள்ளே இழுக்கிற ரிட்டர்ன் கிரில் அழுக்காக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். வீட்டுக் காற்று முழுக்க அந்த வழியாகத்தான் போகிறது, அழுக்கு படியத்தான் செய்யும்.

புழுதி எந்த வழியாக உள்ளே வருகிறது?

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

புழுதி கதவு, ஜன்னல் வழியாக வந்து அப்புறம் டக்டுக்குள் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி வருவதை ஃபில்டர் பெருமளவு பிடித்துவிடும். ஃபில்டர் வழியாகப் போகாமல் அதற்குப் பிறகு நுழைவதுதான் வம்பு. பிளோயர், அதாவது யூனிட்டுக்குள் இருக்கும் விசிறி, ஓடும்போது சப்ளை பக்கம் காற்றைத் தள்ளுகிறது, அங்கே ஓட்டை இருந்தால் குளிர்ந்த காற்று வீணாக வெளியே போகும், அவ்வளவுதான். ரிட்டர்ன் பக்கம் காற்றை உறிஞ்சுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதெல்லாம் உள்ளே வரும். எங்கள் வீட்டில் ரிட்டர்ன் டக்ட் பரண் வழியாகப் போகிறது. கூரை இடுக்கில் நுழைந்த வயல் புழுதி முழுக்க அந்தப் பரணில்தான் படுத்திருந்தது. ரிட்டர்ன் பெட்டியும் ஏசி யூனிட்டும் சேருகிற மூட்டில், ஃபில்டருக்கும் பிளோயருக்கும் நடுவில், மூன்று விரல் போகிற சந்து. அதாவது, காசு கொடுத்து டக்டைச் சுத்தம் செய்துவிட்டு, அதே நாள் ராத்திரி பரணை வேக்குவம் போட்டு டக்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தேன். முதலில் வந்தவர்கள் இதைப் பார்க்கவே இல்லை. பார்க்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

கண்டுபிடிக்கும் வழி: குளிரை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். ஒரு ஊதுபத்தியைப் பற்றவைத்து ரிட்டர்ன் டக்டின் ஒவ்வொரு மூட்டுக்கும் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராக எழும்பினால் சரி, சட்டென்று வளைந்து மூட்டுக்குள் போனால் அங்கே ஓட்டை. பரணில் பஞ்சும் குப்பையும் கிடக்கும், நெருப்புப் பொறி விழாமல் கீழே ஒரு தட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு உள்ளே பார்த்தபோது இன்னொரு தடயமும் கிடைத்தது. ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து காற்று போகிற திசையில் வால் நட்சத்திரம் மாதிரி தூசிக்கோடு. ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் கண் தானாகப் பிடித்துவிடும்.

அடைக்க எனக்குப் பிடித்தது மாஸ்டிக்தான். கெட்டியான பசை மாதிரி இருக்கும், பிரஷ்ஷால் தடிமனாக அப்ப வேண்டும். 6 மில்லிமீட்டருக்கு மேல் சந்து என்றால் ஃபைபர்கிளாஸ் வலைநாடாவை ஒட்டி அதன் மேல் அப்புங்கள், பெரிய சந்தென்றால் தகடு வைத்து. எட்டாத மூலைக்கு, டக்டுக்கான தரநிலையான யூஎல் 181 என்று அச்சிட்ட ஃபாயில் டேப். துணி மாதிரி இருக்கிற சாதாரண டக்ட் டேப் மட்டும் வேண்டாம். பெயர்தான் டக்ட் டேப், டக்டுக்கு ஆகாது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 1998-ல் பல வகை டேப்புகளைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோது தோற்றது அதுதான்.

பசை வைக்குமுன் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துக் காய விடுங்கள். புழுதி மேல் மாஸ்டிக் ஒட்டாது, தோல் மாதிரி உரிந்து வரும். அப்பிய பிறகு ஒரு நாள் ஏசியைத் தொடாதீர்கள். நான் சாயங்காலமே போட்டேன், ஈரப் பசையை உள்ளே இழுத்து மறுபடி ஓட்டை, மறுபடி பரண் ஏறினேன்.

ஃபில்டர்

அடுத்த சந்து ஃபில்டர் செருகும் இடம். ஃபில்டருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் காற்று சுலபமான வழியைத்தான் பிடிக்கும். ஃபோம் பட்டை ஒட்டி இறுக்குங்கள், செருகும் வாய்க்கு மூடி இல்லையென்றால் மூடி போடுங்கள், அம்புக்குறி பிளோயரைப் பார்த்து இருக்கட்டும்.

எந்த ஃபில்டர்? மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு துகளைப் பிடிக்கும் என்பதற்கான அளவு, எண் கூடினால் அதிகம் பிடிக்கும். எல்லோரும் மெர்வ் 13 வாங்கச் சொல்வார்கள். புகை, நுண்துகள் தொல்லை இருந்தால் அது நல்லதுதான், 0.3 முதல் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை உள்ள துகளில் பாதியாவது பிடிக்கும். ஆனால் வயல் புழுதியின் எடையில் பெரும்பங்கு அதைவிடப் பெரிய துகள். 3 முதல் 10 மைக்ரான் வரையில் மெர்வ் 8 குறைந்தது 70 சதவீதம் பிடிக்கிறது, மெர்வ் 11 குறைந்தது 85. ஒரு அங்குல மெல்லிய சட்டத்தில் மெர்வ் 13 போட்டால் புழுதிக் காலத்தில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், காற்று குறையும், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் ஐஸ் கட்டும். என் தேர்வு நாலு அங்குலத் தடிமனில் மெர்வ் 11, மடிப்புப் பரப்பு அதிகம் என்பதால் தாங்கும். கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டர் எனக்குப் பிடிக்கவே இல்லை, சரியாகக் காயாமல் மாட்டினால் நாற்றம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று அட்டையில் போட்டிருப்பது நகரத்து வீட்டுக்கு. அறுவடை நடக்கும்போது வாரம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள், வெளிச்சம் தெரியவில்லையா, தூக்கிப் போடுங்கள்.

எப்போது, யாரை?

அறுவடையும் அடுத்த உழவும் முடிந்த பிறகு. நான் முதல் தடவை அறுவடைக்கு முன்னால் செய்தேன், அதைவிட முட்டாள்தனம் இல்லை.

ஆளைப் பேசும்போது நான் கேட்பது சில விஷயங்கள்தான். டக்டை உறிஞ்சும் அழுத்தத்தில் வைத்துக்கொண்டே உள்ளே தட்டி விடுகிறீர்களா? கிரில், டக்டோடு காயில், பிளோயர், தண்ணீர்த் தட்டு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்கிறீர்களா? தூசி இழுக்கும் மிஷின் வெளியில் நிற்குமா, உள்ளே நின்றால் நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உண்டா? நாட்கா என்ற டக்ட் சுத்திகரிப்பாளர் சங்கத்தின் ஏசிஆர் தரநிலையும் இந்த முறையைத்தான் சொல்கிறது. சின்ன வேக்குவமும் ஒரு பிரஷ்ஷும் கொண்டுவந்து கிரில்லிலிருந்து கை நீளத்துக்குச் சுரண்டிவிட்டுப் போவது சுத்தமே இல்லை, என் முதல் 50 நிமிடம் அதுதான். வீட்டைப் பார்க்காமல் போனிலேயே அடிமாட்டு விலை சொல்பவரிடமும், வந்த பிறகு பூஞ்சை இருக்கிறது, மருந்து அடிக்க வேண்டும் என்று கூடுதல் கேட்பவரிடமும் ஜாக்கிரதை. பூஞ்சை என்றால் சோதனை முடிவைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே ஃபைபர்கிளாஸ் பூச்சு நனைந்து பூஞ்சை பிடித்திருந்தால் அதைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

வேலை நடக்கும் நாள்

பிரேக்கரை அணையுங்கள். பழைய ஃபில்டர் வெளியே. எல்லா கிரில்லையும் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டுவார்கள், மெயின் டக்டில் ஒரு துளை வெட்டிப் பெரிய குழாயை மாட்டுவார்கள். மிஷினைப் போட்டதும் அந்தத் தாள்கள் உள்பக்கமாகக் குழிய வேண்டும். குழியவில்லை என்றால் உறிஞ்சல் போதவில்லை, அந்த நிமிடமே நிறுத்திக் கேளுங்கள். அப்புறம் தூரத்து கிரில்லில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து, அழுத்தக் காற்றுச் சாட்டையாலோ சுழலும் பிரஷ்ஷாலோ தட்டிக்கொண்டே மிஷின் பக்கம் வருவார்கள். ரிட்டர்ன் தனி, சப்ளை தனி. இரண்டையும் சேர்த்து இழுத்தால் ரிட்டர்ன் அழுக்கு காயில் மேல் போய்ப் படியும்.

காயிலை விடாதீர்கள். ஏசி ஓடும்போது அது ஈரம், புழுதி பட்டால் சேறு, சேறு காய்ந்தால் பாய் விரித்த மாதிரி. பிளோயர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், குழிவான சின்னச் சின்ன இதழ்களுக்குள் மண் அடைத்திருந்தால் காற்று குறைந்துவிடும். இரண்டாவதாக வந்தவர்களுக்கு இந்த ஒன்றுக்கே ஒன்றரை மணி நேரம் ஆனது, மொத்த வேலைக்கு அரை நாளுக்கு மேல். முடித்த பிறகு வெட்டிய துளைகளைத் தகடு வைத்து மூடி மாஸ்டிக் பூசினார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள். முதலில் வந்தவர்கள் துணி டேப்பை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள், என் புது ஓட்டை அதுவும்தான்.

சேர்த்தது: படித்தவர்கள் கேட்டவை

ஒருவர் வீட்டில் வளையும் ஃபிளெக்ஸ் டக்ட், சுழல் பிரஷ் விட்டதில் உள்தோல் கிழிந்துவிட்டது. ஃபிளெக்ஸ் என்றால் கடினமான பிரஷ் கூடாது, மென்மையானது அல்லது காற்று மட்டும். ரொம்ப மோசமாக இருந்தால் அந்தத் துண்டையே மாற்றுவது பல நேரம் லாபம்.

1980-க்கு முன் கட்டிய வீடு, டக்ட் மூட்டில் வெள்ளைக் காகிதம் மாதிரி ஒட்டியிருக்கிறது என்று இன்னொருவர் கேட்டார். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டவோ கிழிக்கவோ வேண்டாம், பரிசோதித்த பிறகுதான் யாரும் கை வைக்க வேண்டும்.

எலிப் புழுக்கை இருந்தால் உலர்ந்தபடி பெருக்கவோ சாதாரண வேக்குவம் போடவோ கூடாது, தூசியோடு நோயும் பறக்கும். கிருமிநாசினியால் நனைத்து, கையுறையோடு துடைத்து எடுங்கள். டக்டுக்குள் ஆழமாக இருந்தால் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எலி வந்த வழியை அடைக்காமல் சுத்தம் மட்டும் செய்தால் என் மூன்று வாரக் கதைதான்.

பக்கத்து வயலில் மருந்து அடிக்கும்போது என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வெளிக்காற்று எடுக்கும் வாய் இருந்தால் அதை மூடுங்கள், ஃபேனையும் அணைத்துவிடுங்கள், ஆட்டோவில் விட்டால் தானாக ஓடி இழுத்துக்கொள்ளும். அடித்து முடித்து வாடை போன பிறகு மறக்காமல் திறங்கள், நான் ஒரு வாரம் மூடியே வைத்திருந்தேன்.

கடைசியாக வந்த கேள்வி, எரிவாயுவில் ஓடும் ஹீட்டர் இருக்கும் அறையிலேயே ரிட்டர்ன் ஓட்டை இருந்தால்? அதை முதலில் அடையுங்கள், சுத்தம் அப்புறம். ரிட்டர்ன் உறிஞ்சும் வேகத்தில் புகைபோக்கியில் போக வேண்டிய வாயு வீட்டுக்குள் திரும்பலாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை இன்றே படுக்கையறைப் பக்கம் மாட்டிவிடுங்கள்.