இடது ஓரத்து ஒரு மீட்டர்: சைக்கிளுக்கு ஆபத்தான இடங்களைச் சரிசெய்ய வைப்பது எப்படி?

மதுரையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள, காலை எட்டரை மணிக்கு சிம்மக்கல்லில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், கேரியரில் டீ கேன் கட்டியவர்கள், பூ வியாபாரிகள், சட்டிப் பாண்டத்தோடு வேலைக்குப் போகும் கொத்தனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டு அழகர்கோவில் வரை ஓட்டிவிட்டு வருகிறவர்கள் இவர்களில் சிறு பகுதிதான். நகரத்துக்குத் தனி சைக்கிள் பாதை வேண்டும் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அது வர வருடங்கள் ஆகும். அதுவரை இந்தப் பிள்ளைகள் கீழே விழாமல் இருக்க வேண்டும்.

சைக்கிள்காரருக்குச் சாலை என்பது இடது ஓரத்தில் ஒரு மீட்டர் அகலம். மணல் சேருவதும், தார் விளிம்பு உடைவதும், வடிகால் மூடிகள் இருப்பதும் அங்கேதான். ஜீப்பில் வந்து பார்க்கிற பொறியாளரின் கண்ணில் அது படுவதில்லை. படவைக்கலாம். எங்கள் பகுதியில் ஒரு பள்ளிக்குப் பின்பக்கத் தெருவில் இருந்த வடிகால் மூடியைச் சரிசெய்ய வைத்தபோது தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். மனு எழுதும் அடிப்படை முறை, அனுப்புநர் பெறுநர் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: சைக்கிள் கடையில் கேளுங்கள்

வரைபடத்தில் தொடங்காதீர்கள். உங்கள் பகுதியில் பஞ்சர் ஒட்டுகிற அண்ணனிடம், "ரிம் கோட்டம் எடுக்க அதிகமா எந்தப் பக்கத்திலிருந்து வர்றாங்க?" என்று கேளுங்கள். எந்தத் தெருவில், எந்த வளைவில் என்று உடனே சொல்வார். போலீஸ் பதிவில் வராத விபத்துகள் அவர் கடைக்குத்தான் வருகின்றன. பிள்ளைகள் முழங்கால் சிராய்ப்பை வீட்டில்கூடச் சொல்வதில்லை.

படி 2: சைக்கிளிலேயே போய்ப் பாருங்கள்

பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை, மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு முறை. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் குறிக்கும்போது இன்னொருவர் பின்னால் வரும் வண்டியைப் பார்த்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, சாலைப் போக்கிலேயே கம்பிகள் ஓடும் வடிகால் மூடி. இதுதான் மோசமானது. பழைய ரோட்ஸ்டர் சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம் இருக்கும், மெல்லிய டயர் போட்ட சைக்கிளில் 25 மி.மீ.தான். கம்பி இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தால் முன்சக்கரம் உள்ளே இறங்கி, ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்படுவார். இரண்டாவது, மேலே மேலே தார் போட்டதால் உயர்ந்துவிட்ட சாலை விளிம்பு. பஸ் நெருக்கும்போது மண்ணில் இறங்கியவர் மறுபடி ஏறப் பார்த்தால், இரண்டு விரல் உயர விளிம்பே சக்கரத்தை வழுக்கிவிடும். மூன்றாவது, சாலை மட்டத்துக்குக் கீழே அமுங்கிய பாதாளச் சாக்கடை மூடி. நான்காவது, தெருக்காரர்கள் சிமென்ட்டில் தாங்களே போட்ட வேகத்தடை. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதலில் உள்ள வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது, ஏறி இறங்குவது தெரியாது. தெருவில் நாம் பார்ப்பது ஒரு முழ அகலத்தில் அதே உயரம்.

படி 3: அளந்து படம் எடுங்கள்

"பெரிய பள்ளம்" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். அளவு வேண்டும். நான் பயன்படுத்துவது கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு டேப்பும், பள்ளத்தின் குறுக்கே வைக்க ஒரு நேரான மட்டக் கட்டையும். போனில் அளக்கும் செயலிகள் வேண்டாம், பொறியாளர் நம்புவது டேப்பைத்தான். டேப் கையில் இல்லாவிட்டால் கம்பியின் மேல் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ., படத்தைப் பார்த்ததும் இடைவெளி புரியும்.

ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு படம்: அளவு தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒன்று, சுற்றுப்புறம் தெரிகிற மாதிரி தூரத்தில் ஒன்று. தூரத்துப் படத்தில் பக்கத்து மின்கம்பத்தின் எண் தெரிய வேண்டும். மனுவிலும் அந்த எண்ணை எழுதுங்கள். "முருகன் ஸ்டோர் எதிரே" என்றால் கடை மாறிவிடும், கம்ப எண் மாறாது.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இடக் குறிப்பு அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தங்கும். பட்டியலை கூகுள் மை மேப்ஸில் குறித்து வைப்பது எனக்குப் பிடித்த முறை. தனிச் செயலிகள் ஒரு வருடத்தில் காணாமல் போய்விடுகின்றன.

படி 4: இது யார் சாலை?

என்னை அதிக நாள் இழுத்தடித்தது இந்தப் படிதான். முதலில் மனு கொடுத்த அலுவலகத்திலிருந்து, சாலை தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அடுத்த அலுவலகத்தில் சாலை எங்களுடையது, வடிகால் அவர்களுடையது என்றார்கள். மூடி அப்படியே கிடந்தது.

மதுரைக்குள் இருக்கிற எல்லாச் சாலையும் மாநகராட்சிச் சாலை அல்ல. குடியிருப்புத் தெருக்கள், கோயிலைச் சுற்றிய வீதிகள் மாநகராட்சி. ஊரைவிட்டு வெளியே போகும் பெரிய சாலைகள் பலவும் மாநில நெடுஞ்சாலைத் துறை, கோரிப்பாளையம் மேம்பாலமும் அவர்கள் பணிதான். 2023 ஏப்ரலில் திறந்த 7.3 கி.மீ. நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தைக் கட்டியது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். கிலோமீட்டர் கல் இருந்தால் அதன் தலையைப் பாருங்கள்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல் இல்லாத நகரச் சாலையில் இந்த வழி உதவாது.

அங்கே உதவுவது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்களுக்குச் சம்பந்தப்பட்டதாகத் தோன்றும் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அது அவர்கள் சாலை இல்லை என்றால், பிரிவு 6(3)-இன்படி மனுவை ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். யார் பொறுப்பு என்று கண்டுபிடிக்கும் வேலை இப்போது உங்கள் தலையில் இல்லை. பதில் 30 நாளில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

"ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் "இது தகவல் அல்ல" என்று பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இந்தச் சாலையையும் அதன் வடிகாலையும் பராமரிக்கும் அலுவலகங்களின் பெயர், கடைசியாக நடந்த பணியின் பணி ஆணை நகல், ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலம் முடியும் தேதி. இந்த மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பராமரிப்புக் காலம் முடியாமல் இருந்தால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும், நிதி இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

படி 5: ஓர் இடத்துக்கு ஒரு மனு

பத்து இடத்தை ஒரே மனுவில் எழுதினால் அது பத்து மேசைக்குப் போய் எங்கும் நிற்காது. ஓர் இடம், ஒரு பக்கம், இரண்டு படம், ஒரு தீர்வு. தீர்வை நீங்களே எழுதுங்கள்: "சதுர மூடியைக் கழற்றி, கம்பிகள் சாலைக்குக் குறுக்கே வரும்படி திருப்பி வைக்கவும்" அல்லது "செவ்வக மூடியாதலால், 10 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குப் பட்டை வைத்து வெல்டிங் செய்யவும்". செலவு குறைவு என்று தெரிந்தால் உதவிப் பொறியாளர் அளவிலேயே முடிந்துவிடும்.

முதல் மனுவில் சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம் என்பது என் கருத்து. சாலைத் தரம் மீறப்பட்டு உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 198ஏ இருக்கிறது. நினைவூட்டல் மனுவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளித் தலைமை ஆசிரியரின் கையெழுத்து ஒன்று அதைவிட வேகமாக வேலை செய்யும்.

மாநகராட்சித் தலைமை அலுவலகமான தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகையில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். முதல்வரின் உதவி எண் 1100-க்குப் போன் செய்தும் பதியலாம். நான் தாளில் எழுதிய மனுவையே நம்புகிறேன், படத்தோடு கோப்பில் சேருவது அதுதான். கவுன்சிலருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

படி 6: வேலை நடக்கும்போது அங்கே இருங்கள்

எங்கள் தெருவுக்கு வெல்டிங் மிஷினோடு இரண்டு பேர் வந்தார்கள். கம்பிகள் போகும் திசையிலேயே ஒரு பட்டையை வைக்கப் போனார்கள். சைக்கிளைக் கொண்டுவந்து முன்சக்கரத்தை மூடியின் மேல் வைத்துக் காட்டினேன், டயர் ரிம் வரைக்கும் உள்ளே இறங்கியது. பெரியவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அப்போ குறுக்கதான் வைக்கணும் தம்பி, பள்ளிக்கூடத்துப் புள்ளைக போற வழியாச்சே" என்றார். அப்புறம் அவரே இடைவெளியை அளந்து நான்கு பட்டை வைத்தார். அவர்களுக்கு வந்த உத்தரவில் "மூடியைப் பலப்படுத்தவும்" என்று மட்டும்தான் இருந்தது. அதனால்தான் படத்தோடு ஆள் நிற்க வேண்டும் என்கிறேன்.

பின்சேர்க்கை 1: திருமங்கலம் பக்கத்து வாசகர் ஒருவர், தங்கள் ஊரில் மாநகராட்சி இல்லையே என்று கேட்டார். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி நகராட்சிகள், அங்கே ஆணையருக்கு எழுதுங்கள். கிராமம் என்றால் கிராம சபைதான் நல்ல வழி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. தீர்மானமாகப் பதியச் சொல்லி, அதன் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்புங்கள்.

பின்சேர்க்கை 2: பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை 3: திருப்பி வைத்த மூடி மறுபடி பழைய திசைக்கு வந்துவிட்டதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் வடிகாலில் தூர் வாருகிறவர்கள் மூடியைக் கழற்றுவார்கள், திருப்பி வைக்கும்போது திசை பார்ப்பதில்லை. சதுர மூடி என்றால், கம்பிகள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று மூடியிலும் பக்கத்துக் கல்லிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரே கோடாக இழுத்துவிடும்படி மனுவிலேயே சேர்த்து எழுதுங்கள். தூர் வாரி முடித்த மறுநாள் போய் இரண்டு கோடும் சேருகின்றனவா என்று பாருங்கள்.